காலியா இருந்த இரண்டாவது நாயனம்: காருகுறிச்சி அருணாசலம் பாஸான ஆடிஷன்

ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனவங்களுக்குத் தெரியும். தாலி கட்டி முடிஞ்சு கூட்டம் பந்திக்கு நகர ஆரம்பிச்சதும் நாயனக்காரர் 'சிங்கார வேலனே தேவா'வை எடுப்பார். சாப்பிடப் போனவங்கள்ல நாலு பேர் நின்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.

1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டு அது. திரையில் ஜெமினி கணேசன் வாசிப்பார், சாவித்திரி பாடுவார். குரல் எஸ்.ஜானகி. அந்த நாகஸ்வரம் மட்டும் நம்ம ஊர்ப் பக்கத்துச் சொத்து. ஆலங்குளத்தில் இருந்து முக்கூடல் போய், தாமிரபரணியைத் தாண்டினா சேரன்மகாதேவி வட்டாரம். அங்கே மண்பானைக்குப் பேர்போன காருகுறிச்சியில் 1921-ல் பிறந்தவர் அருணாசலம்.

இன்னிக்கு நாகஸ்வரம் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு வழி இருக்கு. திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி, மதுரையில் அரசு இசைக் கல்லூரி. விண்ணப்பம் போடலாம், ஆடிஷனுக்குத் தயாராகலாம். அருணாசலம் காலத்தில் விண்ணப்பமும் இல்லை, தேதியும் இல்லை. ஆனா ஆடிஷன் இருந்தது. அது எப்போ வரும்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

அவருடைய அப்பா பலவேசத்துக்கு நாகஸ்வரம்னா உயிர். கூறைநாடு நடேச பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு, தானும் கத்துக்கணும்னு அவர் ஆசைப்பட்டதாகவும், வயசு தாண்டிடுச்சு, மகனைப் பழக்குங்கன்னு பதில் வந்ததாகவும் சொல்வாங்க. அப்பாவின் ஆசை மகன் கைக்கு வந்தது இப்படித்தான்.

அதுக்கப்புறம் இரண்டு சுப்பையாக்கள். சுத்தமல்லி சுப்பையா கம்பரிடம் நாகஸ்வரம், களக்காடு சுப்பையா பாகவதரிடம் வாய்ப்பாட்டு. என்னைக் கேட்டா, அருணாசலத்தின் வாழ்க்கையில் பலரும் கவனிக்காம விடுற இடம் இந்த வாய்ப்பாட்டுதான்.

ஏன்னு புரியணும்னா வாத்தியத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நாகஸ்வரத்தில் விரல் வைக்கிற துளைகள் ஏழு. மேற்கத்திய ஓபோ, கிளாரினெட் மாதிரி சாவிகள் கிடையாது. வாயில் வைக்கிற சீவாளி, நாணல் தட்டையில் செஞ்ச ஒரு சின்ன இரட்டை நாக்கு. அதை உதடு எவ்வளவு அழுத்துது, மூச்சு எவ்வளவு போகுது, விரல் துளையைப் பாதி மூடுதா கால்வாசி மூடுதா... இதில்தான் சுரம் நிக்கும். மயிரிழை பிசகினா ஊருக்கே கேட்கும்! இந்தச் சுரம் இங்கேதான்னு கைக்கு வழிகாட்ட வாத்தியத்தில் எதுவும் இல்லை. காதுக்குள்ள ராகம் முதலில் பாடியாகணும். பாடத் தெரிஞ்ச நாயனக்காரருக்கு அது பாதிக் கிணறு தாண்டின மாதிரி. அருணாசலம் வாசிப்பு பாடுற மாதிரியே இருக்குன்னு ரசிகர்கள் சொல்றது சும்மா இல்லை.

இனி ஆடிஷனுக்கு வருவோம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை அன்னிக்கு நாகஸ்வர உலகத்தின் சக்கரவர்த்தி. குடுமியை எடுத்து கிராப் வெச்சவர், கோட் போட்டவர், கோபக்காரர், தோடியை மணிக்கணக்கில் விரிக்கிறவர். அவர் ஒருமுறை காருகுறிச்சிக்கு வாசிக்க வந்தப்போ, கூட வாசிக்க வேண்டிய ஆள் வந்து சேரலை. இரண்டாவது நாயனத்தின் இடம் காலி. உள்ளூர்ப் பையன் அருணாசலத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க.

இரண்டாவது நாயனம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. முதல் நாயனம் மூச்சு வாங்குற இடத்தில் ஓசை அறுந்துபோகாமத் தாங்கணும். அவர் விட்ட பிடியைத் தொட்டுக் காட்டணும். அடுத்து எங்கே போவார்னு மோப்பம் பிடிக்கணும், ஆனா முந்திக்கக் கூடாது. அதிலும் ராஜரத்தினம் பிள்ளை வாசிச்சது நீளமான, கனத்த சுருதி கொண்ட பாரி நாயனம். குட்டையான, கீச்சுச் சுருதித் திமிரி இல்லை. தப்பினா, சொந்த ஊர்ச் சனம் முன்னாடி மானம் போகும். பையன் தப்பலை. பிள்ளைக்குப் பிடிச்சுப்போச்சு. அந்த வாசிப்பே அவரைக் குருகுலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே பாடத்திட்டமோ மதிப்பெண் பட்டியலோ ஏது? மேடையில் குரு பக்கத்தில் உட்கார்ந்து கூட வாசிக்கிறதுதான் வகுப்பு. நேத்து மாதிரி இன்னிக்கு வாசிக்காத குரு வேற. அதனால மனப்பாடம் செல்லாது, காது மட்டும்தான் செல்லும். பல வருஷம் இப்படி இரண்டாவதா வாசிச்ச பிறகே அருணாசலம் தனிப் பெயரா நின்னார். ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைஞ்சப்போ, அந்தப் பாணி எங்கே இருக்குன்னு தேடினவங்க காருகுறிச்சியாரைத்தான் காட்டினாங்க.

அவர் குடியேறினது கோவில்பட்டியில். இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அவருடைய நண்பர். கல்யாணம், கோயில், ரேடியோ, இசைத்தட்டு எல்லாத்திலும் அவர் நாயனம்தான். அப்புறம்தான் சினிமா. இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு (மூணாவது சுப்பையா!) ஆபேரியில் போட்ட மெட்டில், ஒரு பெண் குரலும் ஒரு நாகஸ்வரமும் சரிக்குச் சரி ஓடணும். ஊரையே எழுப்புற வாத்தியத்தை, பாடுற குரல் மூழ்காத அளவுக்கு அடக்கி வாசிச்சிருக்கார். இரண்டாவது நாயனக்காரருக்குப் பழகின வேலை அது.

படம் வந்து இரண்டே வருஷம். 1964-ல் போய்ட்டார். 43 வயசுகூட தாண்டலை. கோவில்பட்டியில் சிலை இருக்கு.

ஆடிஷனுக்குத் தயாராகுற யாராவது இதைப் படிச்சா ஒரு வேலை. சினிமாப் பாட்டோட நிறுத்தாம, யூடியூபில் இருக்கிற அவருடைய கச்சேரிப் பதிவு ஒண்ணைப் போடுங்க. ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அவர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார்னு தேடிப் பாருங்க.