மேசை ரயில் விட்ட மகாராஜா

பொம்மை ரயில் என்றதும் சிரிச்சிடாதீங்க. குவாலியர் மன்னர் இரண்டாம் மாதவராவ் சிந்தியா (1876-1925) அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் தண்டவாளம் போட்டு வெள்ளி ரயில் ஓட்டினார். பெட்டியிலுள்ள மதுக்குப்பியை விருந்தாளி தூக்கினால் வண்டி தானே நிற்கும். திரும்ப வைத்தால் கிளம்பும். எப்படி என்று நம்ம எலக்ட்ரிக்கல் பசங்க யோசிங்க!

மேசைக்கு வெள்ளியா என்று எனக்குக் கோபமும் வந்தது. ஆனால் அந்த ரயில் ஆசை மேசையோடு நிற்கவில்லை. வெறும் 610 மில்லிமீட்டர் அகலப் பாதை, ஷியோப்பூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போட்டார். இரண்டடிதான்! எங்க மரக்காணம் உப்பளத்துப் பெரிய வரப்பில்கூடப் போடலாம். அப்பா இன்னும் உப்புக் கூடையைத் தலையில்தான் சுமக்கிறார்.

மன்னர் பாரிசில் காலமானார். அவர் விட்ட வண்டியில், கூரைமேல்கூட ஏறி, ஜனங்கள் 2020 வரை போனார்கள்.