வைரம் பாயாத மரமும் பேக்லாண்டும்

இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்

பல்பு ஹோல்டர், பழைய சுவிட்சு, கறுப்பு டெலிபோன் இவற்றைப் பார்த்தால் பேக்கலைட் என்கிறோமே, அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லியோ ஹென்ட்ரிக் பேக்லாண்ட் 1863 நவம்பர் 14 அன்று பெல்ஜியத்தில் கென்ட் நகரில் பிறந்தார். அப்பா செருப்பு தைப்பவர். அம்மா பணக்கார வீடுகளில் வேலை செய்தவர். மகன் தன் தொழிலுக்கே வரட்டும் என்பது அப்பாவின் எண்ணம். படிக்கட்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அம்மா. இதைப் படித்தபோது எங்க வீடுதான் ஞாபகம் வந்தது. உத்திரமேரூர் பக்கம் தச்சு வேலை செய்யும் எங்க அப்பா என் கையிலும் உளியைத்தான் கொடுக்க நினைத்தார். கம்மலை அடகு வைத்து பீஸ் கட்டினது எழுதப் படிக்கத் தெரியாத எங்க அம்மா.

பேக்லாண்ட் இரவில் நகராட்சித் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். ஆம், நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான்! போட்டோ பிடிக்க ஆசை. சில்வர் நைட்ரேட் வாங்கக் காசில்லை. அப்பா தந்த கடிகாரத்தின் வெள்ளிச் சங்கிலியை அமிலத்தில் கரைத்துத் தானே தயாரித்துக்கொண்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! பிறகு உதவித்தொகையில் கென்ட் பல்கலைக்கழகம், 1884-ல் டாக்டர் பட்டம். 1889-ல் தன் பேராசிரியரின் மகள் செலினை மணந்து அமெரிக்கா போனார். அங்கே ஒரே சமயத்தில் பத்து வேலையைத் தொட்டு, நோயிலும் கடனிலும் விழுந்து எழுந்தார். அப்புறம் ஒன்றையே பிடித்துக்கொண்டார். அதுதான் வெலாக்ஸ் என்ற போட்டோ காகிதம். 1899-ல் அதை ஈஸ்ட்மனுக்கு விற்று யாங்கர்ஸ் ஊரில் பெரிய வீடு வாங்கினார். வீட்டை ஒட்டிய கொட்டகையே ஆய்வுக்கூடம்.

இனிமேல்தான் விஷயமே. அந்தக் காலத்தில் வார்னிஷுக்கும் மின்காப்புக்கும் நம் நாட்டு அரக்கைத்தான் உலகமே நம்பியிருந்தது. அதற்கு மாற்று தேடியவர், கூடவே இன்னொன்றையும் நினைத்தார். மெத்து மரத்தின் துவாரங்களில் பிசினை ஏற்றி உள்ளேயே இறுக வைத்தால் மரம் கெட்டியாகுமே! எங்க அப்பா பாஷையில் சொன்னால், வைரம் பாயாத மரத்துக்கு வைரம் ஏற்றுவது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசுபிசு என்று ஒரு பிசின் வரும். 1872-லேயே பேயர் என்ற ஜெர்மன் மேதை அதைப் பார்த்துவிட்டு உபயோகமில்லை என்று விட்டுவிட்டார். அதே கலவையை மரக்கட்டைகளில் ஊற வைத்து, மூடிய பாத்திரத்தில் 150 டிகிரி பக்கமாகச் சூடேற்றினார் பேக்லாண்ட். 1907 ஜூன் மாதம் அது. கட்டைகளின் மேற்பரப்பு எதிர்பார்த்தபடி கெட்டியாகலை. ஆனால் கட்டையிலிருந்து கசிந்த கொஞ்சம் பிசின் கல்லாக இறுகிக் கிடந்தது. வேறு யாராவது இருந்தால் சுரண்டிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் மரத்தை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக் குழாயில் பிசினை மட்டும் மூடிச் சுட்டார். குழாயின் உருவம் அப்படியே அச்சாக வந்தது! சூட்டுக்கு உருகாது, மின்சாரம் கடத்தாது. ஜூலை 13-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1909-ல் உலகுக்கு அறிவித்தார். 1939-ல் கம்பெனியை விற்றுவிட்டு, 1944 பிப்ரவரி 23 அன்று காலமானார்.

சோட்டா நாக்பூர் காடுகளில் அரக்கு சேகரித்த ஏழைகளின் பிழைப்புக்கு அவர் போட்டி கொண்டுவந்தார் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

நண்பர்களே, வீட்டில் இதைச் செய்து பார்த்துவிடாதீர்கள். பீனால் தோலைப் பொசுக்கிவிடும். பார்மலின் ஆவி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

அவர் ஒதுக்கிய மரம் என்ன ஆச்சு? அதையும் மற்றவர்கள் சாதித்தார்கள். மெல்லிய மரத்தகடுகளில் இதே வகைப் பிசினை ஊட்டி, சூட்டில் அழுத்திக் கெட்டியாக்கிய கட்டைகள்தான் பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெயில் மூழ்கிச் சுருளைத் தாங்குகின்றன. 2016-ல் ஸ்டாக்ஹோமில் மரத்திலுள்ள லிக்னினை நீக்கிப் பிசின் நிரப்பி, ஒளி ஊடுருவும் மரமே செய்தார்கள். 2018-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் மரத்தை ரசாயனத்தில் வேக வைத்து, ஐந்தில் ஒரு பங்கு கனமாக அழுத்தி இறுக்கினார்கள்.

எங்க அப்பாவிடம் இதைச் சொன்னேன். நம்பலை. ஒரு துண்டு கொண்டா, இழைப்புளி ஏறுதான்னு பாப்போம்னுட்டாரு.