காலராக் கிருமியைப் பிடித்த டாக்டர்

காலையில் திடமாக இருப்பார். மாலையில் பிணமாகிவிடுவார். அதுதான் காலரா! வாந்திபேதி என்பதும் அதுவே.

அது எப்படி வருகிறது? கெட்ட காற்றால் என்றார்கள் பலர். வெயிலால் என்றார்கள் சிலர்.

உண்மையைத் தேடிக் கப்பல் ஏறினார் ஒருவர். அவர்தான் டாக்டர் ராபர்ட் கோக்.

1843-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன ஊரில் வைத்தியம் பார்த்து வந்தார். மனைவி அவருக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு கோக்குக்குக் கிருமியைத் தவிர வேறு நினைப்பே இல்லை! 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்.

மறு வருடம் எகிப்தில் காலரா. கோக் அங்கே விரைந்தார். பிரான்சிலிருந்தும் டாக்டர்கள் வந்தார்கள். இரு நாட்டாருக்கும் பகை, போட்டி. பிரெஞ்சுக் குழுவில் இருந்த துய்லியே என்ற இளைஞர் காலராவுக்கே பலியானார். அவருடைய சவ அடக்கத்துக்குக் கோக் மலர் வளையத்துடன் போனார்.

எகிப்தில் நோய் தணிந்தது. கோக் ஊர் திரும்பவில்லை. கல்கத்தாவுக்கு வந்தார்.

அங்கே ஒரு குளம். ஜனங்கள் அதில்தான் குளித்தார்கள். நோயாளியின் துணியையும் அதில்தான் துவைத்தார்கள். குடிக்கவும் அதே தண்ணீர்! 1884-ல் அந்தத் தண்ணீரைச் சோதித்தார் கோக். கமா போல வளைந்த கிருமிகள் இருந்தன. இறந்தவர்களின் குடலில் இருந்ததும் அதே கிருமி. (இத்தாலியில் பச்சீனி என்பவர் 1854-லேயே இதைப் பார்த்திருந்தார். பாவம், அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.)

மூனிக் நகரத்துப் பெட்டென்கோபர் இதை ஒப்பவில்லை. கிருமி மட்டும் போதாது, மண்ணும் பருவமும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. 1892-ல், 70 வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர், காலராக் கிருமியை எடுத்துக் குடித்தே விட்டார்! லேசான பேதியோடு பிழைத்துக்கொண்டார்.

அதே வருடம் ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் காலரா புகுந்தது. கடும் வெயில். எல்பா ஆற்றில் தண்ணீர் குறைந்து, சூடேறிக் கிடந்தது. அந்தத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது ஹாம்பர்க். 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பக்கத்து ஊர் அல்டோனா. அதே வெயில், அதே ஆறு. ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீர்தான் அதற்கு. ஆனால் மணலில் வடிகட்டித்தான் கொடுத்தார்கள். அங்கே சாவு மிகக் குறைவு. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் காலரா. மறு பக்கம் இல்லை! அரசாங்கம் அனுப்பி வந்த கோக் இதை நேரில் கண்டார்.

பெட்டென்கோபர் பருவத்தைச் சொன்னது முழுப் பொய் அல்ல. கடலோரக் கழிமுகங்களில் இந்தக் கிருமி வாழ்கிறது. தண்ணீர் சூடானால் பெருகுகிறது. இது பின்னால் தெரிந்தது.

1905-ல் கோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1910-ல் காலமானார். ஹாம்பர்க்கில் மணல் வடிகட்டி 1893-லேயே வந்துவிட்டது.