கிளமென்ட் அட்லி

இலண்டனை அடுத்த பட்னியில், 1883ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், வசதிமிக்க குடும்பத்தில் கிளமென்ட் அட்லி பிறந்தார். ஆக்சுபோர்டில் பயின்று வழக்கறிஞரானார். கிழக்கு இலண்டனில் ஏழைச் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றில் தொண்டாற்றச் சென்றதே அவர்தம் வாழ்வின் திருப்புமுனை. நாளெல்லாம் உழைத்தும் வறுமை நீங்காத குடும்பங்களை அங்கே கண்டார். தனிமனிதர் ஈகையால் மட்டும் அத்துயர் தீராது. அதனைத் துடைப்பது அரசின் கடமை எனத் தெளிந்தார்.

முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றிக் காயமுற்றார். 1922இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் 1935இல் தொழிலாளர் கட்சித் தலைவராகவும் உயர்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது சர்ச்சில் அமைச்சரவையில் துணைப் பிரதமராக விளங்கினார். 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் சர்ச்சிலின் கட்சியை வென்று பிரதமரானார்.

போரினால் நாடு கடன்பட்டிருந்தது. பங்கீட்டு முறையும் நீடித்தது. எனினும், இளமையில் கொண்ட உறுதியை அவர் கைவிடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களும் இருப்புப்பாதைகளும் நாட்டுடைமையாயின. 1948 சூலை 5 அன்று, அனைவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கப்பெற்றது.

இந்தியர் ஒருவரும் இடம்பெறாத சைமன் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அட்லி. மக்களின் எதிர்ப்பை நேரில் கண்ட அவரது ஆட்சியிலேயே, 1947இல் இந்திய விடுதலைச் சட்டம் நிறைவேறியது. பிரிவினையின் பெருந்துயரும் அவ்விடுதலையோடு கலந்தே வந்தது.

1951ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது கட்சி தோல்வியுற்றது. அவர் தொடங்கிய மருத்துவப் பணியோ அடுத்து வந்த ஆட்சியிலும் தொடர்ந்தது. 1967 அக்டோபர் 8 அன்று அட்லி மறைந்தார். குறைவாகப் பேசிய அவர், ஏழையர் தெருவில் கற்ற பாடத்தை நாட்டின் சட்டமாக்கிச் சென்றார்.