நடுங்கிய கைகளை நம்பிய வைத்தியர்

ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள தோட்டத்து லயங்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால், என் மாமாவின் வலது கை நடுங்கத் தொடங்கிவிடும். உம்மாவின் தம்பியான அவர், இராணுவத்தில் சேர்ந்து வடக்கில் யுத்தம் பார்த்தவர். கையில் எந்தக் காயமும் இல்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். சிறு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உயர்தர உயிரியலில் நரம்புத் தொகுதி பற்றி மேலதிகமாக வாசிக்கப் போனபோதுதான் வில்லியம் ரிவர்ஸ் என்ற வைத்தியரின் வாழ்க்கையை அறிந்தேன்.

ரிவர்ஸ் 1864 மார்ச் 12ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். திக்குவாய்க்குச் சிகிச்சை அளித்தவர். ஆனால் மகனுடைய திக்குவாய் முழுமையாக மாறவேயில்லை. 22 வயதில் வைத்தியப் பட்டம் பெற்ற ரிவர்ஸ், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தார்.

மலையகத்தவரான எமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரி மலைக்கு வந்து தோடர் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1906இல் அது நூலாக வெளிவந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற எம் தோட்டத்து மக்கள் பலர் இன்று தேயிலை பறிப்பதும் அதே நீலகிரியில்தான்.

1903இல் அவருடைய நண்பர் ஹென்றி ஹெட், ஆய்வுக்காகத் தன் கை நரம்பொன்றைச் சத்திரசிகிச்சை மூலம் வெட்டச் செய்தார். உணர்வு எப்படித் திரும்பி வருகிறது என்பதை ரிவர்ஸ் பல ஆண்டுகள் சோதித்துப் பதிவு செய்தார். ஆகவே நரம்பு அறுந்த கை எப்படியிருக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1914இல் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. காயமே படாத சிப்பாய்கள் நடக்க முடியாமல், பேச முடியாமல், கண் தெரியாமல், கை கால் நடுங்கியபடி திரும்பி வந்தார்கள். குண்டு வெடித்த அதிர்வில் மூளை பாதிக்கப்பட்டதாக முதலில் கருதினார்கள். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லாதவர்களுக்கும் அதே நோய் வந்தது. கோழைகள், நடிப்பவர்கள் என்ற ஏச்சும் எழுந்தது. பேச்சிழந்தவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிய வைத்தியர்களும் இருந்தார்கள். படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரித்தானியப் படையினருக்கு 2006இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களிலும் இந்நோய் கண்டவர்கள் இருந்ததாகக் கருதப்படுகிறது.

1915இல் மகல் வைத்தியசாலையிலும், 1916 முதல் ஸ்கொட்லாந்தின் கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையிலும் ரிவர்ஸ் இவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். உயிர் பிழைக்கத் துடிக்கும் பயமும், ஓடக்கூடாது என்ற கடமையும் மனதுக்குள் மோதும்போது, உடல் தானாகவே ஒரு வழி தேடிக்கொள்கிறது என்று விளக்கினார். முடங்கிய காலால் போர்முனைக்குப் போக முடியாது. ஆனால் அந்தச் சிப்பாய் வேண்டுமென்று காலை முடக்குவதில்லை. அவனுக்கே தெரியாமல் அது நடக்கிறது. சாதாரண சிப்பாய்களிடம் இந்த முடக்கம் அதிகமாகவும், அதிகாரிகளிடம் கெட்ட கனவும் பதற்றமும் அதிகமாகவும் இருப்பதை அவர் கண்டார்.

எல்லாவற்றையும் மறந்துவிடும்படி மற்றவர்கள் புத்தி சொன்னபோது, ரிவர்ஸ் நினைவுகளைப் பேசச் சொன்னார். எந்நேரமும் அதிலேயே மூழ்கிக் கிடக்கவும் விடவில்லை. பொறுமையோடு கேட்டார். கவிஞர் சிக்பிரீட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர். ஆனால் குணமானவர்கள் மீண்டும் யுத்தத்துக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். சசூனும் திரும்பிப் போனார். தன் சிகிச்சையின் இந்த முடிவு ரிவர்ஸின் மனதையும் உறுத்தியது.

1922 ஜூன் 4ஆம் திகதி, 58ஆவது வயதில் ரிவர்ஸ் காலமானார். யுத்தம் போன்ற கொடிய அனுபவங்கள் விட்டுச்செல்லும் மனவடு நோயை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனியொரு நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான்.

இதை வாசிக்கும் பெற்றோரே, தோழிகளே, காரணம் தெரியாத நடுக்கமோ வலியோ உங்கள் வீட்டில் எவருக்கும் இருந்தால், அதை நடிப்பென்று சொல்லிவிடாதீர்கள். உடல் பரிசோதனையோடு நின்றுவிடாமல் உளநல வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

போன தீபாவளியன்று நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, தன்னோடு இருந்து திரும்பி வராத ஒரு நண்பரைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வழக்கம்போல் அதைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்ளவில்லை.