சிக்னல் ஃபுல்லா இருந்தும் நெட் வராதது ஏன்? மார்க்கோனியை வாட்டிய கேள்வி

மேட்ச் நடக்கும் மைதானத்தில் போனை எடுத்துப் பாருங்கள். சிக்னல் கோடு நான்கும் நிற்கும். ஒரு போட்டோகூட நகராது. டவர் எட்டுகிறதா என்பது ஒரு விஷயம். அந்த டவரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேச முடியும் என்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவது கவரேஜ், இரண்டாவது கெப்பாசிட்டி. இந்த வித்தியாசத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டவர், நூறு வருடங்களுக்கு முந்தைய வயர்லெஸ் முதலாளி குலியெல்மோ மார்க்கோனி.

ரேடியோவைக் கண்டுபிடித்தவர் என்ற ஒற்றை வரியில்தான் அவரை நமக்குத் தெரியும். அந்த வரியே சண்டைக்குரியது. ஹெர்ட்ஸ், ஆலிவர் லாட்ஜ், டெஸ்லா, போபோவ், நம்ம ஜெகதீஷ் சந்திர போஸ் என்று உரிமை கோர நிறையப் பேர் உண்டு. மார்க்கோனி செய்தது வேறு: ஆய்வகத்தில் இருந்ததை எடுத்து, காசு வாங்கும் நெட்வொர்க் ஆக்கினார்.

மலைக்கு அந்தப் பக்கம்

1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் போலோனியாவில் பிறந்தார். அப்பா நிலபுலன் உள்ளவர். அம்மா அயர்லாந்துக்காரர், ஜேம்சன் விஸ்கி குடும்பத்துப் பெண். பையனுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. வீட்டு மாடியில் கம்பியும் பேட்டரியுமாக உட்கார்ந்தவர், 1895-ல் ஆன்டெனாவை உயரத் தூக்கி, மறுமுனையைத் தரையில் இணைத்தார். தூரம் சட்டென்று கூடியது. குன்றுக்கு அந்தப் பக்கம் ரிசீவருடன் நின்ற அண்ணன் அல்போன்சோ, சிக்னல் வந்ததும் துப்பாக்கியால் சுட்டுத் தகவல் சொன்னார். ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

அடுத்த வருடம் அம்மாவுடன் லண்டன். அம்மா வழிச் சொந்தம் கதவுகளைத் திறந்துவிட்டது. தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் கைகொடுத்தார். 1897-ல் பிரிஸ்டல் கால்வாயில் 6 கிலோமீட்டர், அதே வருடம் சொந்தக் கம்பெனி, 1899-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே. இன்னும் தூரம், இன்னும் தூரம் என்பதே அப்போது அவர் வேலை.

படகுப் போட்டியில் கூச்சல்

1901-ல் அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியின் நிலவரத்தைக் கடலில் இருந்து பத்திரிகைகளுக்கு உடனுக்குடன் அனுப்ப, மார்க்கோனி கம்பெனி உட்பட மூன்று வயர்லெஸ் தரப்புகள் போட்டி போட்டன. மூன்றும் ஒரே நேரத்தில் அனுப்பியதால் ஒருவர் செய்தியும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

காரணம், அன்றைய டிரான்ஸ்மிட்டர் தீப்பொறியில் ஓடியது. ஒவ்வொரு பொறியும் தன் அலைவரிசையைத் தாண்டி அக்கம்பக்கமெல்லாம் சிதறும். கல்யாண மண்டபத்தில் மைக், நாதஸ்வரம், பந்திச் சத்தம் எல்லாம் ஒன்றாகக் கேட்டால் எப்படியோ அப்படி. குரல் எட்டவில்லை என்பது அங்கே பிரச்சினையே இல்லை.

மார்க்கோனிக்கு இது தெரியாமல் இல்லை. 1900-லேயே 7777 என்ற எண்ணுள்ள பிரிட்டிஷ் காப்புரிமையை வாங்கியிருந்தார். அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அலைவரிசைக்கு டியூன் செய்யும் முறை அது. லாட்ஜ் அதற்கு முன்பே இதே வழியில் ஒரு காப்புரிமை வைத்திருந்தார்; 1911-ல் மார்க்கோனி கம்பெனி அதை விலைக்கு வாங்க வேண்டிவந்தது. டியூனிங் உதவியது, ஆனால் தீப்பொறி இருக்கும்வரை சிதறலும் இருந்தது.

ஊர் பேசியதோ தூரத்தைத்தான். 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில், பட்டத்தில் கட்டிய கம்பி வழியே, சுமார் 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்தின் போல்டூவில் இருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்திய பாதரச ரிசீவருக்கு மூலம் போஸின் வடிவமைப்பு என்று பின்னாளில் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பகல் நேரத்தில் அந்த சிக்னல் உண்மையிலேயே வந்திருக்குமா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. அடுத்த வருடம் கப்பலில் சோதித்தபோது, ராத்திரியில் எட்டும் தூரம் பகலைவிடப் பல மடங்கு என்பது அவருக்கே தெரிந்தது.

எங்க மெஷின் இருந்தா மட்டும்தான்

கருவியைக் கப்பலுக்கு வாடகைக்கு விட்டு, ஆபரேட்டரையும் தானே சம்பளம் கொடுத்து அனுப்பினார் மார்க்கோனி. மற்ற கம்பெனிக் கருவி உள்ள கப்பலுடன் பேசக் கூடாது என்பது விதி. ஒரு நெட்வொர்க்கின் சிம்மில் இருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குக் கால் போகாது என்றால் எப்படி இருக்கும்?

1902-ல் ஜெர்மன் இளவரசர் ஹென்றி அமெரிக்காவில் இருந்து திரும்பிய கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. கரையில் இருந்த மார்க்கோனி நிலையம் பதில் தரவில்லை. ஜெர்மனி கொதித்தது. 1903-ல் பெர்லினில் பேச்சுவார்த்தை, 1906-ல் ஒப்பந்தம்: கரை நிலையங்களும் கப்பல்களும் எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் செய்தியை ஏற்க வேண்டும். இன்று எந்த நெட்வொர்க்கில் இருந்தும் எந்த எண்ணுக்கும் பேச முடிகிறது என்றால், அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் அது. 1909-ல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனுடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார் மார்க்கோனி. பிரவுன் அந்த எதிர்முகாமின் ஆள்.

ஏப்ரல் 14, 1912

டைட்டானிக்கின் ஆபரேட்டர்கள் ஜாக் பிலிப்ஸும் ஹரால்ட் பிரைடும் மார்க்கோனி கம்பெனி ஊழியர்கள். பயணிகளின் தனிப்பட்ட தந்திகளைக் கரைக்கு அனுப்புவது அவர்கள் வேலைகளில் பெரிய பங்கு, கம்பெனிக்கு வருமானமும் அதில்தான். இரண்டு இரவுகளுக்கு முன் கருவி பழுதாகி, விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்ததில் தந்திகள் குவிந்து கிடந்தன. 14-ம் தேதி இரவு, கனடா பக்கத்தில் உள்ள கேப் ரேஸ் நிலையத்தைப் பிடித்து, குவிந்ததை அனுப்பிக்கொண்டிருந்தார் பிலிப்ஸ்.

அந்த நேரத்தில் அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பல் குறுக்கே வந்தது. பனிக்கட்டிக்கு நடுவே நின்றுவிட்டோம் என்று சொல்ல வந்தார் அதன் ஆபரேட்டர். பக்கத்துக் கப்பல் என்பதால் அந்த சிக்னல் காதைப் பிளந்தது. தூரத்து கேப் ரேஸ் அதில் அமுங்கிப்போனது. வாயை மூடச் சொல்லி விரட்டினார் பிலிப்ஸ். அந்த ஆபரேட்டர் சிறிது நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். 11.40-க்கு டைட்டானிக் மோதியது.

இதைப் பிலிப்ஸின் திமிர் என்று எழுதுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. பக்கத்துச் சத்தமான சிக்னல் தூரத்துச் சன்னமான சிக்னலை விழுங்குவது எல்லா வயர்லெஸ் நெட்வொர்க்குக்கும் உள்ள நோய். டவர் அருகே இருக்கும்போது உங்கள் போன் தன் சக்தியைத் தானாகவே குறைத்துக்கொள்வது இதற்காகவும்தான். பிலிப்ஸிடம் அந்த வசதி இல்லை. ஆபத்துச் செய்திக்கு முன்னுரிமை தரும் ஒழுங்கான நடைமுறையும், 24 மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்க ஆளும் பல கப்பல்களில் இல்லை.

சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த கார்பேதியாவின் ஆபரேட்டரும் தூங்கப் போகவிருந்தார். தற்செயலாக ஹெட்போன் காதில் இருந்ததால் அபாயச் செய்தி கேட்டது. 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள், 1,500 பேர் வரை இறந்தார்கள், பிலிப்ஸும் அதில் ஒருவர். செய்திகள் கைமாறிக் கைமாறிக் குழம்பியதில், எல்லோரும் பத்திரம், கப்பலை இழுத்து வருகிறார்கள் என்று மறுநாள் பத்திரிகைகள் அச்சடித்தன.

மார்க்கோனிக்கு ஒரு பக்கம் பாராட்டு, இன்னொரு பக்கம் அமெரிக்க செனட் விசாரணை. பிழைத்த ஆபரேட்டரின் கதை பத்திரிகைக்கு விற்கப்பட்டது ஏன் என்று அவரைத் துருவினார்கள். அதே வருடம் பிரிட்டனில் அவர் கம்பெனிப் பங்குகளை அமைச்சர்கள் வாங்கிய ஊழல் புகார். செப்டம்பரில் கார் விபத்தில் வலது கண் போனது.

யாருக்கும் வேண்டாத அலை

டைட்டானிக்குக்குப் பின் வந்த அமெரிக்கச் சட்டம், அமெச்சூர் ஆட்களை 200 மீட்டருக்குக் குறைவான அலைநீளத்துக்குத் தள்ளியது. அது தூரம் போகாத, உதவாத இடம் என்பது அன்றைய நம்பிக்கை. தொலைதூரத்துக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் நீள அலைகள், ராட்சத ஆன்டெனாக்கள் என்பதே வழக்கம். பிரிட்டிஷ் அரசும் எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, சிங்கப்பூர் என்று ஒவ்வொரு 3,000 கிலோமீட்டருக்கும் ஒரு ரிலே நிலையம் திட்டமிட்டது. ஒரு நிலையம் வாங்கி அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். ரிலே செய்தால் தூரம் கூடும். ஆனால் ஒரே செய்தி ஒவ்வொரு நிலையத்திலும் நேரத்தைத் தின்னும். நடுவில் ஒன்று படுத்தால் மொத்தச் சங்கிலியும் படுத்துவிடும்.

ஒதுக்கப்பட்ட இடத்தில் இருந்த அமெச்சூர்கள் 1920-களில் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். மார்க்கோனியும் தன் எலெட்ரா கப்பலில் கிளம்பி, 32 மீட்டர் அலையில் பகலிலும் செய்தி வருவதைக் கண்டார். வளிமண்டலத்தின் மேலே இருக்கும் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை அது. வானமே ரிலே நிலையம்.

இன்னொரு லாபமும் இருந்தது. நெட்டலைகள் இருக்கும் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் அதிகபட்ச இடமே 100 கிலோஹெர்ட்ஸ். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பட்டையில் 27,000 கிலோஹெர்ட்ஸ். ஒற்றையடிப் பாதையும் எக்ஸ்பிரஸ்வேயும் போல.

1926-ல் கனடா, 1927-ல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று நேரடி பீம் சேவை திறந்தது. இந்தியப் பக்கம் புனேயை ஒட்டிய கட்கியில் இருந்து அனுப்பி, தௌண்டில் வாங்கினார்கள். ரிலே சங்கிலி தேவைப்படவில்லை. கடலடிக் கேபிள் கம்பெனிகள் ஆடிப்போய், 1929-ல் மார்க்கோனி கம்பெனியின் தந்திச் சேவையோடு இணைக்கப்பட்டன.

1923-ல் ஃபாசிசக் கட்சியில் சேர்ந்தவர் மார்க்கோனி. முசோலினி 1930-ல் அவரை இத்தாலிய அகாதெமியின் தலைவர் ஆக்கினார். சாதனைப் பட்டியலில் பலரும் தாண்டிப் போகும் பகுதி இது.

கடைசிக் காலத்தில் அவர் போனது எதிர்த்திசையில். 1933-ல் வாடிகனுக்கும் காஸ்டல் கன்டோல்ஃபோவில் உள்ள போப்பின் மாளிகைக்கும் இடையே, சுமார் 20 கிலோமீட்டருக்கு, அரை மீட்டரை ஒட்டிய அலையில் இணைப்பு கொடுத்தார். நம் போன்கள் ஓடும் 700 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்து வீடு அது. மலை மறைத்தால் போச்சு, தூரமும் போகாது. ஆனால் தூரம் போகாத அலையைப் பக்கத்து ஊரில் இன்னொருவர் அதே எண்ணில் பயன்படுத்தலாம். இன்றைய மொபைல் நெட்வொர்க் கோடிக்கணக்கானவர்களைத் தாங்குவதே, அலையை வேண்டுமென்றே குட்டையாக்கித் தெருவுக்குத் தெரு டவர் வைப்பதால்தான்.

1937 ஜூலை 20 அன்று ரோமில் மாரடைப்பால் இறந்தார். இறுதிச் சடங்கு நாளில் பிரிட்டனின் வயர்லெஸ் நிலையங்கள் 2 நிமிடம் அலைபரப்பை நிறுத்தின.