றொபேட் போயில்: நிறத்தால் அமிலம் கண்டவர்

மாணவர்களே, போயிலின் விதி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமிலம், மூலம் பற்றிய பாடத்திலும் அவருக்கு முக்கிய இடமுண்டு.

றொபேட் போயில் 1627 சனவரி 25 ஆம் திகதி அயர்லாந்தின் லிஸ்மோரில், செல்வந்தரான கோர்க் பிரபுவின் மகனாகப் பிறந்தார். சுகமாக வாழ வசதியிருந்தும் பரிசோதனைகளிலேயே வாழ்நாளைக் கழித்தார். ஒக்ஸ்போட்டில் றொபேட் ஊக்கின் உதவியுடன் வளிப்பம்பி அமைத்து ஆய்வு செய்தார். வளியின் அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பை 1662 இல் வெளியிட்டார்.

அக்காலத்தில் அமிலத்தை இனங்காணப் பெரிதும் உதவியது புளிப்புச் சுவையே. ஆனால் எல்லாவற்றையும் நாவில் வைத்துப் பார்க்க முடியுமா? போயில் ஊதா நிற வயலட் பூக்களின் பாகை வெள்ளைத்தாளில் இட்டு, அதன்மீது வினாகிரியைத் துளித்துளியாகச் சேர்த்தார். பாகு சிவப்பாயிற்று. தாவரச் சாம்பலிலிருந்து பெற்ற உப்பின் கரைசலைச் சேர்த்தபோது அது பச்சையாயிற்று. இவற்றை 1664 இல் நிறங்கள் பற்றிய தமது நூலில் விளக்கினார். இன்று நாம் காட்டி என்று அழைப்பது இதனையே.

பதார்த்தங்கள் யாவும் அமிலம் அல்லது காரத்தால் ஆனவை எனச் சிலர் அக்காலத்தில் வாதிட்டனர். 1675 இல் போயில் அதனை மறுத்தார். பூச்சாற்றின் நிறத்தை மாற்றாத பதார்த்தங்களும் இருந்தன அல்லவா! 1680 இல் றோயல் கழகத்தின் தலைவராகத் தெரிவானபோது, சத்தியப்பிரமாணம் செய்ய விரும்பாது அப்பதவியை ஏற்க மறுத்தார். 1691 டிசம்பர் 31 ஆம் திகதி இலண்டனில் காலமானார்.

நீங்களும் செய்து பாருங்கள்

செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தெடுங்கள். அச்சாற்றைச் சிறு பாத்திரங்களிற் பிரித்து, தேசிக்காய்ச்சாறு, சவர்க்கார நீர், உப்புக்கரைசல் என்பவற்றைத் தனித்தனியே சேருங்கள். முதலாவது சிவக்கும், இரண்டாவது பச்சை நிறமாகும், மூன்றாவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. எதனையும் சுவைத்துப் பார்க்காதீர்கள்.

பரீட்சையில் கவனிக்க

நீலப் பாசிச்சாயத்தாள் நிறம் மாறவில்லை என்பதைக் கொண்டு மட்டும் மூலம் என எழுதிவிடாதீர்கள். பலர் புள்ளிகளை இழப்பது இங்கேதான். உப்புக்கரைசலும் அத்தாளை மாற்றாது. சிவப்புப் பாசிச்சாயத்தாளையும் இட்டுப் பாருங்கள். அது நீலமாக மாறினால் மூலம். இரு தாள்களும் மாறாவிடின் நடுநிலையானது. நிறம் மாறாமையும் ஓர் அவதானிப்பே. அதனையும் விடையில் எழுதுங்கள்.